உறுப்புச் சில்லுகளில் அச்சிட்ட உயிருணரிகள்: விலைமலிவும் அளவீட்டு நம்பகமும்

ஆய்வுச் சுருக்கம்

மனித உயிரணுக்களை நுண்கால்வாய்களுக்குள் வளர்த்து, ஓர் உறுப்பின் செயற்பாட்டைச் சிறிய அளவில் நிகழச்செய்யும் அமைப்பு உறுப்புச் சில்லு எனப்படுகிறது. மருந்துகளின் நச்சுத்தன்மையை விலங்குகளின் துணையின்றி அறிய இது ஒரு வழியாக வளர்ந்துவருகிறது. சில்லுக்குள் நிகழும் வளர்சிதை மாற்றத்தைத் தொடர்ந்து அளக்க உயிருணரிகள் தேவைப்படுகின்றன. குருதிச் சர்க்கரை அளக்கும் பட்டைகளைப் போலத் திரை அச்சு முறையில் உருவாக்கப்படும் உயிருணரிகள் மிகக் குறைந்த விலையில் கிடைக்கக்கூடியவை. எனினும், ஒருமுறை அளந்து எறிவதற்காக உருவான பட்டையைப் பல நாள் இயங்கும் சில்லுக்குள் அப்படியே பொருத்த இயலாது. உயிரணு அறையையும் உணரியையும் தனித்தனி அறைகளாகப் பிரித்து, ஒரே உணரியைக் கொண்டு உள்வரும் நீர்மத்தையும் வெளியேறும் நீர்மத்தையும் மாறி மாறி அளப்பதே விலைமலிவையும் நம்பகத்தையும் ஒருசேரத் தரும் என்பதை இக்கட்டுரை கணக்கீடுகளின் வழி விளக்குகிறது. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம், சிவகாசி வட்டாரத்தில் இத்தகைய ஆய்வு வேரூன்றுவதற்கான வாய்ப்புகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: உறுப்புச் சில்லு, உயிருணரி, திரை அச்சு, நுண்பாய்மவியல், மின்வேதியியல், கல்லீரல் நச்சுத்தன்மை.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையடியில் அமைந்த மகாராஜபுரம், வத்திராயிருப்பு முதலிய ஊர்களை அடுத்துள்ள சதுரகிரி மலை, மூலிகைகளுக்குப் பெயர்பெற்றது. மூலிகைச் சாறு ஒன்றில் மருந்தாகும் பொருள் உள்ளது எனக் கண்டறிவது ஆய்வின் முதற்படி மட்டுமே. அது மனிதக் கல்லீரலுக்குத் தீங்கு செய்யுமா என்பது அடுத்த வினா. மூலிகை மருந்துக்கு மட்டுமன்றி எல்லா மருந்துக்கும் இவ்வினா பொருந்தும். காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு ஆகியவை கல்லீரலைத் தாக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தியாகும்.

இவ்வினாவுக்கு விடைகாண நெடுங்காலமாக எலி, முயல் முதலிய விலங்குகளே பயன்பட்டுவந்துள்ளன. ஆனால், விலங்கின் கல்லீரலும் மனிதக் கல்லீரலும் மருந்துகளைச் சிதைக்கும் முறையில் வேறுபடுகின்றன. நீரிழிவுக்கான டிரோகிளிட்டசோன் என்னும் மருந்து 1997இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, கல்லீரல் பாதிப்புகளின் காரணமாக 2000ஆம் ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. விலங்குச் சோதனைகளைக் கடந்து வந்த மருந்தே மனிதரிடம் தீங்கு விளைவித்தது என்பது இங்கு கருதத்தக்கது.

இந்நிலையில் சட்டங்கள் மாறத் தொடங்கியுள்ளன. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்திருத்தம், புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை மாற்றியது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் 2023 மார்ச்சில் திருத்தப்பட்டன. மனிதரிடம் சோதிப்பதற்கு முந்தைய ஆய்வு என்பதன் வரையறைக்குள் உயிரணுச் சோதனைகள், உறுப்புச் சில்லுகள், கணினி மாதிரிகள் ஆகியவை அத்திருத்தத்தால் சேர்க்கப்பட்டன. சட்டம் வழிவிட்ட பின்னர் எஞ்சும் கேள்வி, இத்தகைய சோதனையைச் செய்யும் வசதி எத்தனை ஆய்வகங்களுக்கு வாய்க்கும் என்பதே. அக்கேள்விக்கான விடை பெரிதும் அளவீட்டுக் கருவிகளின் விலையையும் தரத்தையும் சார்ந்துள்ளது.

உறுப்புச் சில்லின் அமைப்பும் அளவீட்டுத் தேவையும்

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தின் வைஸ் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட நுரையீரல் சில்லு இத்துறையின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. ஒளி ஊடுருவும் சிலிக்கோன் நெகிழியில் இரண்டு நுண்கால்வாய்கள். அவற்றுக்கிடையே துளைகளுடைய மெல்லிய சவ்வு. சவ்வின் ஒருபுறம் நுரையீரல் உயிரணுக்கள், மறுபுறம் குருதிக்குழல் உயிரணுக்கள். இருபுறமும் உள்ள வெற்றிட அறைகள் சவ்வை இழுத்துத் தளர்த்தும்போது மூச்சின் அசைவு உண்டாகிறது. இதே கோட்பாட்டில் கல்லீரல், சிறுநீரகம், குடல், இதயம் ஆகியவற்றுக்கும் சில்லுகள் பின்னர் உருவாயின. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 870 கல்லீரல் சில்லுகளில் 27 மருந்துகள் சோதிக்கப்பட்டன. நச்சுத்தன்மையுள்ள மருந்துகளில் 87 விழுக்காட்டைச் சில்லு இனங்கண்டது. தீங்கற்ற மருந்து எதனையும் நச்சு எனத் தவறாகக் காட்டவில்லை.

இத்தகைய சில்லுகளில் நிகழ்வதை அறியும் வழக்கமான முறைகள் இரண்டு. ஒன்று, நுண்ணோக்கியில் பார்த்தல். மற்றொன்று, வெளியேறும் நீர்மத்தைச் சேகரித்து ஆய்வகத்தில் பகுத்தறிதல். முதல் முறை உயிரணுவின் வடிவத்தைக் காட்டுமேயன்றி அதன் வேதிச் செயலைக் காட்டாது. இரண்டாம் முறை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அளவுகளையே தரும். உயிரணு இறந்த பின் அதன் இறப்பை அறிவதைவிட, அது நலிவுறும் தொடக்க மணிநேரங்களை அறிவதே நச்சியலில் பயன்மிக்கது. குளுக்கோஸ் உட்கொள்ளல் குறைதல், லாக்டேட் வெளியீடு பெருகுதல், ஆக்சிஜன் நுகர்வு தாழ்தல் ஆகிய மூன்றும் அத்தொடக்க நலிவின் அடையாளங்கள். இவற்றைத் தொடர்ந்து அளப்பதற்கே சில்லுடன் உயிருணரியை இணைக்க வேண்டியுள்ளது.

அச்சிட்ட உயிருணரி: தோற்றமும் செயல்முறையும்

உயிருணரி என்பது நொதி, எதிர்ப்பொருள் போன்ற உயிர்ப்பொருளையும் மின்முனை போன்ற அளவியையும் இணைத்த கருவியாகும். லேலண்ட் கிளார்க், லயன்ஸ் ஆகிய இருவரும் 1962இல் குளுக்கோஸ் ஆக்சிடேசு நொதியை மின்முனையோடு இணைத்து இத்துறைக்கு வித்திட்டனர். நொதி, குளுக்கோசை ஆக்சிஜனேற்றும்போது ஐதரசன் பெராக்சைடு உண்டாகிறது. அப்பெராக்சைடு மின்முனையில் ஆக்சிஜனேற்றமடைந்து இரண்டு எலக்ட்ரான்களைத் தருகிறது. எழும் மின்னோட்டம் குளுக்கோசின் செறிவுக்கு ஏற்ப அமைகிறது. நொதியை மாற்றி லாக்டேட் ஆக்சிடேசைப் பூசினால் அதே மின்முனை லாக்டேட்டை அளக்கும்.

இம்மின்முனையை மலிவாக்கியது திரை அச்சு முறை. 1987இல் விற்பனைக்கு வந்த எக்சாக்டெக் கருவி, அச்சிட்ட பட்டையைக் கொண்டு வீட்டிலேயே சர்க்கரையை அளக்க வழிசெய்தது. பாலியெஸ்டர் தாளின்மீது முதலில் வெள்ளி மைக் கம்பிகள், அடுத்துக் கார்பன் மை மின்முனைகள், அதன்பின் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனை, இறுதியாக அளவிடும் பரப்பை மட்டும் திறந்துவிடும் மின்காப்பு அடுக்கு என ஒவ்வொன்றாக அச்சிடப்படுகின்றன. திருமண அழைப்பிதழுக்கும் துணிப்பைக்கும் அச்சிடும் அதே திரை, அதே இழுப்புக் கட்டை. மையும் துல்லியமுமே வேறு.

மைத்தாரை அச்சு இன்னொரு வழி. 2017இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் வணிக மைத்தாரை அச்சுப்பொறியால் நெகிழ்வான தாளில் மின்முனைகளை அச்சிட்டு, அதன்மேல் சிலிக்கோன் நுண்கால்வாயைப் பொருத்தி, உயிரணுக்களைப் பிரித்தெடுக்கும் சில்லு ஒன்றை உருவாக்கினர். அதன் செலவு ஒரு அமெரிக்க சென்ட் அளவே என அவர்கள் கணக்கிட்டனர். நுண்கால்வாய் அடுக்கு அடிக்கடி மாற்றத்தக்க மலிவான பகுதியாகவும், அச்சிடப்படும் அடுக்கு மீண்டும் பயன்படும் பகுதியாகவும் பிரிக்கப்பட்டிருந்தமை இங்கு கவனிக்கத்தக்கது.

பட்டையைச் சில்லுக்குள் வைப்பதில் எழும் இடர்கள்

சர்க்கரைப் பட்டை ஒரு துளி குருதியைச் சில நொடிகள் மட்டும் சந்திக்கிறது. உறுப்புச் சில்லில் உள்ள உணரியோ 37 பாகை வெப்பநிலையில், புரதம் நிறைந்த வளர்ப்பு நீர்மத்தில், பல நாள் மூழ்கிக் கிடக்க வேண்டும். இவ்வேறுபாட்டிலிருந்து ஐந்து இடர்கள் தோன்றுகின்றன.

முதலாவது, துல்லியம். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதனை விளக்கும். சில்லுக்குள் மணிக்கு 30 மைக்ரோலிட்டர் நீர்மம் பாய்வதாகவும், அதில் லிட்டருக்கு 5.5 மில்லிமோல் குளுக்கோஸ் இருப்பதாகவும் கொள்வோம். அப்படியெனில் மணிக்கு 165 நானோமோல் குளுக்கோஸ் உள்ளே செல்கிறது. உயிரணுக்கள் அதில் பத்தில் ஒரு பங்கை உட்கொண்டால், வெளியேறும் நீர்மத்தின் செறிவு 0.55 மில்லிமோல் மட்டுமே குறையும். வீட்டுச் சர்க்கரை அளவிகளுக்கான பன்னாட்டுத் தரமோ, ஏறத்தாழ இதே செறிவில் டெசிலிட்டருக்கு 15 மில்லிகிராம், அதாவது 0.83 மில்லிமோல் வரையிலான பிழையை ஏற்கிறது. நோயாளிக்குப் போதுமான பட்டை, அளக்க வேண்டிய மாற்றத்தைவிடப் பெரிய பிழையை உடையதாக இருக்கலாம் என்பது இதனால் தெளிவாகும். ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் 25 மில்லிமோல் குளுக்கோஸ் நீர்மத்தில் இந்நிலை இன்னும் மோசமாகும். அதே உட்கொள்ளல் அங்கு 2.2 விழுக்காடு மாற்றமாகவே தோன்றும்.

இரண்டாவது, உணரியின் சொந்த நுகர்வு. மின்னோட்டம் எழ வேண்டுமானால் குளுக்கோஸ் செலவாக வேண்டும். ஒரு மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரம் தொடர்ந்தால், இரண்டு எலக்ட்ரான் வினையில் ஏறத்தாழ 18.7 நானோமோல் பொருள் செலவாகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் உயிரணுக்கள் உட்கொள்வது மணிக்கு 16.5 நானோமோல். தொடர்ந்து இயங்கும் உணரி, உயிரணுக்கள் அனைத்தும் சேர்ந்து உட்கொள்வதைவிட மிகுதியாக உட்கொண்டுவிடும். அத்துடன் நொதிவினை ஆக்சிஜனையும் பயன்படுத்துவதால், உயிரணு அறைக்குள்ளேயே அமைந்த உணரி உயிரணுவுக்குரிய ஆக்சிஜனைப் பறிக்கும். உண்டாகும் பெராக்சைடு உயிரணுவைத் தாக்கும். அளக்க வந்த கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது.

மூன்றாவது, குறுக்கீடு. பெராக்சைடை ஆக்சிஜனேற்றத் தேவையான 0.6 வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தில் வேறு பல பொருள்களும் ஆக்சிஜனேற்றமடையும். அவற்றுள் பாராசிட்டமால் முதன்மையானது. தோலுக்கடியில் பொருத்தும் தொடர் சர்க்கரை அளவிகள் சிலவற்றில், பாராசிட்டமால் உட்கொண்டவருக்குச் சர்க்கரை அளவு பொய்யாக உயர்ந்து தெரிந்தமை பதிவாகியுள்ளது. கல்லீரல் நச்சுத்தன்மைக்கான சோதனைகளில் மிகுதியாகப் பயன்படும் மருந்தும் பாராசிட்டமாலே. சில்லில் அம்மருந்தைச் செலுத்தியதும் குளுக்கோஸ் அளவு பொய்யாக உயரும். உயிரணுக்கள் உட்கொள்வது குறைந்துவிட்டதாகத் தோன்றும். லாக்டேட் உணரியும் பொய்யாக உயர்ந்து, உயிரணுக்களின் மூச்சு குலைந்துவிட்டதாகக் காட்டும். இரண்டும் கல்லீரல் நலிவின் அடையாளங்கள் என்பதால், கருவியின் பிழையை மருந்தின் நஞ்சு என ஆய்வாளர் முடிவு செய்ய நேரிடும். மூலிகைச் சாறுகளில் இவ்விடர் மேலும் பெரிது. அவற்றிலுள்ள பாலிபீனால் வகைப் பொருள்கள் பல, மின்முனையில் எளிதில் ஆக்சிஜனேற்றமடைபவை. பிரசியன் நீலம் என்னும் நிறமியை மின்முனையில் சேர்த்தால் சுழியத்தை ஒட்டிய மின்னழுத்தத்திலேயே பெராக்சைடை அளக்கலாம்; குறுக்கீடு வெகுவாகக் குறையும். ஆனால், உடலுக்குரிய காரகாடித்தன்மையில் அந்நிறமி மெல்லக் கரைந்துபோகும்.

நான்காவது, மையின் நச்சுத்தன்மையும் கிருமிநீக்கமும். அச்சு மையில் கரிமக் கரைப்பான்களும் பிசின்களும் உள்ளன. முழுமையாக உலர்த்தப்படாத மையிலிருந்து இவை கசியும். வெள்ளி அயனிகளும் உயிரணுக்களுக்கு நஞ்சாகும். கிருமிநீக்கத்துக்காக 121 பாகை நீராவியில் வைத்தால் நொதி செயலிழக்கும். ஆல்ககால் கழுவலும் அதனைச் சிதைக்கும். ஆகவே மின்முனையை முதலில் கிருமிநீக்கம் செய்து, நுண்துளை வடிகட்டியில் வடிகட்டிய நொதிக்கரைசலைப் பின்னர் தூய சூழலில் பூச வேண்டியுள்ளது.

ஐந்தாவது, கசிவு. அச்சிட்ட மை அடுக்கு பத்து மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட தடிப்பும் சொரசொரப்பும் உடையது. சிலிக்கோன் நெகிழியைப் பிளாஸ்மா முறையில் ஒட்டுவதற்கு வழவழப்பான பரப்பு வேண்டும். மின்கம்பி கால்வாயைக் கடக்கும் இடத்தில் நீர்மம் கசிவது இதனாலேயே. இருபுறமும் பசையுள்ள படலத்தாலோ, இடையடைப்பு வைத்துத் திருகி இறுக்குவதாலோ இதனைத் தவிர்க்கலாம். சிலிக்கோன் நெகிழி கொழுப்பில் கரையும் மருந்து மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்வதும் அறியப்பட்ட குறை. உயிரணுக்களைச் சென்றடையும் மருந்தின் அளவு கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கலாம்.

கல்லீரல் சில்லில் உணரிகளை இணைத்த முன்மாதிரிகள்

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுக்குழு 2016இல் வெளியிட்ட கல்லீரல் சில்லு ஆய்வு, மேற்கண்ட இடர்களை எதிர்கொண்ட முறைக்குச் சிறந்த சான்று. அக்குழுவினர் ஆக்சிஜனை மட்டும் உயிரணுக்களின் அருகிலேயே, ஒளிரும் நுண்மணிகளைக் கொண்டு அளந்தனர். ஒளிவழி அளக்கும் இம்முறையில் ஆக்சிஜன் செலவாவதில்லை. குளுக்கோஸ், லாக்டேட் ஆகியவற்றுக்கான மின்வேதி உணரிகளை உயிரணு அறைக்குள் வைக்காமல், கணினி இயக்கும் வால்வுகளுடன் கூடிய தனி நுண்பாய்ம அமைப்பில் வைத்தனர். வெளியேறும் நீர்மம் குறித்த இடைவெளிகளில் அவ்வமைப்புக்குச் செலுத்தப்பட்டது.

அவ்வாய்வின் முடிவு நச்சியலுக்கு முதன்மையானது. முன்னர்க் கூறிய டிரோகிளிட்டசோன், பாதுகாப்பானது எனக் கருதப்பட்ட செறிவுகளிலும் உயிரணுக்களின் இழைமணிகளைப் பாதித்தமை தெரியவந்தது. உயிரணுக்கள் இறக்கவில்லை, ஆயினும் அவற்றின் வளர்சிதை மாற்றம் வேறு பாதைக்குத் திரும்பியிருந்தது. நுண்ணோக்கி காட்டாத இம்மாற்றத்தைத் தொடர் அளவீடு காட்டியது.

2017இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆர்வர்டு மருத்துவப் பள்ளியைச் சார்ந்த குழு, கல்லீரல், இதயச் சில்லுகளைப் பல உணரிகளுடன் இணைத்தது. அங்கும் உயிரணு அறை, இயற்பியல் உணரி அறை, மின்வேதி உணரி அறை ஆகியவை தனித்தனிக் கூறுகளாக அமைந்து, நீர்மத்தை வழிப்படுத்தும் பலகையொன்றால் இணைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஆர்வர்டின் இன்னொரு குழு, இதயத் தசையின் சுருக்கத்தை அளக்கும் உணரிகளைச் சில்லோடு சேர்த்தே முப்பரிமாண முறையில் அச்சிட்டது. தசை வளையும்போது அச்சிட்ட கம்பியின் மின்தடை மாறுவதே அதன் கோட்பாடு. இங்கு நொதி இல்லை. எனவே காலப்போக்கில் செயலிழக்கும் உயிர்ப்பொருளும் இல்லை. இயற்பியல் அளவுகளுக்கான உணரியைச் சில்லுக்குள் நிலையாக அச்சிடலாம், நொதி சார்ந்த உணரியை வெளியே மாற்றத்தக்கதாக வைக்க வேண்டும் என்ற பகுப்பை இம்மூன்று ஆய்வுகளையும் ஒப்பிட்டு வரையறுக்கலாம்.

பிரித்து இணைக்கும் வடிவமைப்பு

இப்பகுப்பின் அடிப்படையில் எளிய ஆய்வகத்துக்கு ஏற்ற வடிவமைப்பு பின்வருமாறு அமையும். உயிரணு அறைக்குப் பின்னர், நீர்மம் செல்லும் திசையில், சிறிய உணரி அறை ஒன்று வைக்கப்படுகிறது. அதில் அச்சிட்ட பட்டை செருகப்படுகிறது. மூன்றுவழி வால்வு ஒன்று, உயிரணு அறையிலிருந்து வெளியேறும் நீர்மத்தையோ உயிரணுக்களைத் தொடாத புதிய நீர்மத்தையோ உணரி அறைக்குத் திருப்பும். அளந்த நீர்மம் கழிவுக் குப்பிக்குச் செல்லுமேயன்றி உயிரணுக்களிடம் திரும்பாது. மையின் கசிவும் பெராக்சைடும் உயிரணுவைச் சேராதிருக்க இதுவே வழி.

உள்வரும் நீர்மத்துக்கு ஓர் உணரியும் வெளியேறும் நீர்மத்துக்கு மற்றோர் உணரியும் வைப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால், கணக்கு வேறுவிதமாக உள்ளது. ஒவ்வோர் உணரியும் 5 விழுக்காடு உணர்திறன் பிழை உடையதெனில், 5.5 மில்லிமோலில் அது 0.275 மில்லிமோல். இரண்டு உணரிகளின் வேறுபாட்டில் இப்பிழைகள் சேர்ந்து ஏறத்தாழ 0.39 மில்லிமோல் ஆகின்றன. அளக்க வேண்டிய 0.55 மில்லிமோலில் இது 70 விழுக்காடு. ஒரே உணரி இரண்டு நீர்மங்களையும் மாறி மாறி அளந்தால், அதே 5 விழுக்காட்டுப் பிழை வேறுபாட்டின் மீது மட்டுமே விழும், அது 0.03 மில்லிமோலுக்கும் குறைவு. எஞ்சுவது ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் இடையிலான சிறு ஏற்றத்தாழ்வே. அது 1 விழுக்காடாக இருந்தால் வேறுபாட்டில் ஏறத்தாழ 0.08 மில்லிமோல் பிழை வரும். துல்லியமற்ற பட்டையிலிருந்து பயன்தரும் அளவைப் பெறும் வழி, விலையுயர்ந்த பட்டையைத் தேடுவதன்று. அளக்கும் முறையை மாற்றுவதேயாகும்.

குறுக்கீட்டுக்கும் இம்முறை ஓரளவு தீர்வாகிறது. மருந்து இரண்டு நீர்மங்களிலும் இருப்பதால் அதன் பொய்யளவு பெரும்பாலும் கழிந்துவிடும். கல்லீரல் சிதைத்த பங்கின் விளைவு மட்டும் எஞ்சும். அதனையும் களைய, நொதியற்ற மின்முனை ஒன்றை அதே பட்டையில் பக்கத்திலேயே அச்சிட்டு, அதன் மின்னோட்டத்தைக் கழிக்கலாம். கூடுதலாக ஒரு மின்முனையை அச்சிடுவதால் பட்டையின் செலவு பெரிதும் உயர்வதில்லை. அச்சு முறையின் உண்மையான நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது.

அறையின் கொள்ளளவும் கருதத்தக்கது. மணிக்கு 30 மைக்ரோலிட்டர் பாயும்போது, 5 மைக்ரோலிட்டர் உணரி அறை நிரம்பப் பத்து நிமிடம் ஆகும். 50 மைக்ரோலிட்டர் அறையாயின் நூறு நிமிடம் ஆகும். உயிரணுவில் நிகழ்ந்த மாற்றம் அவ்வளவு தாமதமாகவே தெரியும். நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிட அளவீடு என அமைத்தால், உணரியின் நுகர்வு ஓர் அளவீட்டுக்கு 0.3 நானோமோல் அளவில் அடங்கும்.

செலவைக் கணக்கிடும் முறை

விலைமலிவு என்பது பட்டையின் விலையை மட்டும் குறிப்பதன்று. நம்பத்தக்க ஓர் அளவைப் பெற ஆகும் மொத்தச் செலவே கணக்கிடத்தக்கது. பதினான்கு நாள் ஆய்வில் நான்கு மணிநேரத்துக்கு ஒன்று வீதம் 84 அளவீட்டு இணைகள் கிடைக்கும். நாளுக்கொரு பட்டையை மாற்றினால் ஒரு சில்லுக்குப் பதினான்கு பட்டைகள் போதும். பட்டை உயிரணு அறைக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தால், மூன்றாம் நாளில் நொதி செயலிழக்கும்போது, மனிதக் கல்லீரல் உயிரணுக்களோடு சில்லு முழுவதும் வீணாகும். சில்லில் விலை மிகுந்த பகுதி உயிரணுக்களே என்பதால், மலிவான பட்டையின் ஆயுள் அவற்றின் ஆயுளைக் கட்டுப்படுத்தும் நிலை பொருளாதார நோக்கிலும் பொருந்தாது.

மின்னோட்டத்தை அளக்கும் பொட்டன்சியோஸ்டாட் கருவியின் விலை முன்பு பெருந்தடையாக இருந்தது. 2011இல் வடிவமைப்பு முழுவதும் பொதுவில் வெளியிடப்பட்ட சீப்ஸ்டாட் கருவி, 80 டாலருக்கும் குறைந்த செலவில் செய்யத்தக்கது. மின்னணுவியல் துறையுள்ள எந்தப் பொறியியல் கல்லூரியிலும் இத்தகைய கருவியை மாணவர்கள் உருவாக்க இயலும்.

அச்சின் தரத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள மின்முனை 3.1 மில்லிமீட்டராக அச்சாகிவிட்டால், பரப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். மின்னோட்டமும் அதே அளவு கூடும். நாட்காட்டியில் கண்ணுக்குப் புலப்படாத பிழை, உணரியில் முடிவையே மாற்றும். எனவே ஒவ்வோர் அச்சுத் தொகுதியிலிருந்தும் சில பட்டைகளை எடுத்துத் தெரிந்த செறிவுள்ள கரைசலில் சோதித்த பின்னரே எஞ்சியவற்றைப் பயன்படுத்த வேண்டும். இச்சோதனைக்கு ஆகும் உழைப்பும் பட்டையின் விலையைச் சேர்ந்ததே.

தமிழ்நாட்டுச் சூழலும் வாய்ப்புகளும்

குறைந்த செலவில் சில்லு அமைப்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னோடி உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 2021இல் மூளை உறுப்புரு வளர்க்கும் நுண்பாய்மக் கலம் ஒன்றை வெளியிட்டன. பல் மருத்துவத்தில் பயன்படும், உயிரணுக்களுக்கு ஒவ்வும் பிசினைக் கொண்டு அது முப்பரிமாண முறையில் அச்சிடப்பட்டது. ஒரு சில்லின் செலவு ஏறத்தாழ 5 டாலர். அதனுள் உறுப்புரு ஏழு நாள் வளர்ந்ததை நுண்ணோக்கியில் தொடர்ந்து காண முடிந்தது. நோக்குவதற்காக அமைந்த அத்தகைய மலிவான கலத்தின் வெளிவாயிலில் அச்சிட்ட உணரி அறையை இணைப்பது இயல்பான அடுத்த படியாகும்.

மின்வேதியியல் துறையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. அழகப்பச் செட்டியாரின் கொடையால் காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மின்முனை ஆய்வில் நாட்டின் முதன்மை நிறுவனமாக விளங்குகிறது. அண்டை மாநிலத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் தோன்றிய பாத்சோத் நிறுவனம், எறியத்தக்க பட்டைகளைக் கொண்டு நீரிழிவு தொடர்பான பல அளவுகளை ஒரே கருவியில் அளக்கும் முறையை வணிக நிலைக்குக் கொண்டுசென்றது. சில்லு, மின்முனை, பட்டை ஆகிய மூன்றுக்குமான அறிவு தென்னிந்தியாவிலேயே உள்ளது என்பதை இவை காட்டுகின்றன.

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரம் இவ்வறிவோடு கைத்திறனையும் சேர்க்கத்தக்க இடமாகும். தீப்பெட்டி, பட்டாசுச் சீட்டுகளுக்காக வளர்ந்து, இன்று நாட்காட்டிக்கும் பாடநூலுக்கும் பெயர்பெற்ற சிவகாசி அச்சுத்தொழில் அருகிலேயே உள்ளது. வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருத்துவதும், மையின் இளக்கத்தைப் பருவநிலைக்கேற்ப மாற்றுவதும் அங்குள்ள தொழிலாளர்களுக்குப் பழகிய வேலைகள். மின்முனைப் பட்டையின் நான்கு அடுக்குகளைப் பொருத்துவதற்கும் இவையே வேண்டும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெய்வதில் பெயர்பெற்றது. மருத்துவப் பொருளுக்குரிய தூய்மையும் தொகுதிவாரித் தரக்கட்டுப்பாடும் இவ்வட்டாரத் தொழிலுக்குப் புதியவை அல்ல. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், உயிர்த்தொழில்நுட்பமும் மின்னணுவியலும் ஒரே வளாகத்தில் பயிலப்படும் இடமாகும்.

இவ்வட்டாரத்தில் தொடக்க முயற்சி மனித உயிரணுக்களோடு அமைய வேண்டிய கட்டாயமில்லை. முதற்கட்டமாக, உயிரணுக்களே இல்லாத வெற்றுச் சில்லில், தெரிந்த செறிவுள்ள குளுக்கோஸ் கரைசலைச் செலுத்தி, உள்ளூரில் அச்சிட்ட பட்டை ஏழு நாள் எவ்வாறு மாறுகிறது எனப் பதியலாம். இரண்டாம் கட்டமாக, அதே கரைசலில் பாராசிட்டமாலையும் மூலிகைச் சாற்றையும் சேர்த்துக் குறுக்கீட்டின் அளவை அறியலாம். மூன்றாம் கட்டத்திலேயே கல்லீரல் உயிரணு வரிசைகளைச் சேர்க்க வேண்டும். முதலிரு கட்டங்களுக்குப் பெருஞ்செலவு இல்லை. எனினும் அவற்றின் முடிவுகள் இல்லாமல் மூன்றாம் கட்டத்தின் எந்த முடிவையும் நம்ப இயலாது. குறிப்பாக, மூலிகைச் சாறுகளின் மின்வேதிக் குறுக்கீட்டைப் பட்டியலிடுவது, தமிழ் மருத்துவ மரபை ஆராய்வோர்க்கும் நேரடியாகப் பயன்படும் பணியாகும்.

முடிவுரை

உறுப்புச் சில்லுகளை மருந்துச் சோதனையில் ஏற்கும் சட்டநிலை இந்தியாவில் 2023 முதல் உள்ளது. அந்நிலை பெருநகர ஆய்வகங்களுக்கு மட்டும் பயன்படுமா, சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் பயன்படுமா என்பதை அளவீட்டுச் செலவே முடிவு செய்யும். அச்சிட்ட உயிருணரி அச்செலவைக் குறைக்க வல்லது. ஆயினும் சர்க்கரைப் பட்டையைச் சில்லுக்குள் ஒட்டிவிடுவதால் அது நிறைவேறாது. உணரியின் பிழை அளக்க வேண்டிய மாற்றத்தையே விஞ்சக்கூடும். உணரி உயிரணுவோடு உணவுக்குப் போட்டியிடக்கூடும். சோதிக்கப்படும் மருந்தே உணரியை ஏமாற்றக்கூடும். உயிரணு அறையிலிருந்து உணரியைப் பிரித்தல், ஒரே உணரியால் இரு நீர்மங்களையும் மாறி மாறி அளத்தல், நொதியற்ற மின்முனையை உடன் அச்சிடுதல், தொகுதிதோறும் சோதித்தல் ஆகிய நான்கும் இவ்விடர்களுக்கு எளிய ஆய்வகத்திலும் கைக்கொள்ளத்தக்க தீர்வுகள். தீங்கற்ற மூலிகையை நஞ்சு என்றோ நஞ்சைத் தீங்கற்றது என்றோ கூறிவிடாமல் காப்பது இக்கட்டுப்பாடுகளே. மலிவான கருவி நம்பத்தக்க கருவியாகவும் அமையும்போதுதான் மலையடி ஊர்களின் மூலிகைக்கும் நகர மருந்தகத்தின் மாத்திரைக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்த இயலும்.